ஒபோனுக்கு குழந்தைகளோட வெள்ளரிக்கா குதிரை செஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? (மாமனாருக்கு இது முதல் வருஷம்)

சைதாமா மருமக
ஜூலை 19

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேள்வி கேக்குறேன், கொஞ்சம் நீளமா போயிடும் மன்னிச்சுக்கோங்க.

நான் சைதாமால இருக்கேன், வீட்டுக்காரர் ஜப்பான்காரர். பையனுக்கு அஞ்சு முடியப்போகுது, பொண்ணுக்கு ரெண்டரை. போன நவம்பர்ல மாமனார் தவறிட்டார். பையன் ஜீஜி ஜீஜின்னு உயிரா இருந்தவன், அவரோட காய்கறித் தோட்டத்துலதான் நடையே பழகினான். இப்ப ஜீஜி எங்கன்னு கேட்டா நான் சாமிகிட்ட போயிட்டார்னு சொல்லி வச்சிருக்கேன், வீட்டுக்காரர் வானத்துல இருக்கார்ங்கறார், மாமியார் அவங்க வீட்டு ஹால்ல இருக்குற புட்சுதானை, அதான் செத்தவங்களுக்கு வைக்கிற புத்த பூஜை மாடத்தைக் காட்டி இதோ இங்கதான் இருக்கார்னு சொல்லி தினமும் காலைல சுடுசோறு வைக்கிறாங்க. புள்ள பாவம் மூணு அட்ரஸ வச்சுக்கிட்டு முழிக்குது.

ஆகஸ்ட் 13லேர்ந்து 16 வரைக்கும் ஒபோன் வருதுல்ல, செத்துப்போன பெரியவங்க எல்லாம் வீட்டுக்கு வந்துட்டுப் போற நாளு. ஒருத்தர் போனப்புறம் வர்ற முதல் ஒபோன இந்தப் பக்கம் நீபோன்னு சொல்றாங்க, ஐயர் வந்து சூத்திரம் ஓதுவார், சொந்தக்காரங்க எல்லாம் கறுப்பு டிரஸ்ல வருவாங்கன்னு சொன்னாங்க. வீட்டுக்காரர்கிட்ட கேட்டா "அம்மா பாத்துப்பாங்க நீ ஒண்ணும் செய்ய வேணாம்"ன்னு முடிச்சுட்டார். ஆனா எனக்கு இவனுக்கு இதப் புரிய வைக்கணும், வெறுமனே சொல்லி இல்ல, கையால எதையாவது செய்ய வச்சு. வெள்ளரிக்காய்ல குதிரையும் கத்தரிக்காய்ல மாடும் செய்வாங்கன்னு படம் பாத்தேன். என் பயம் என்னன்னா மாமியார் துக்கத்துல இருக்குற நேரத்துல நாங்க இங்க காய வச்சு விளையாடுற மாதிரி ஆயிடுமோ. நம்மூர்லயும் திவசம்னா குழந்தைகள ஓரமா உக்கார வச்சுடுவாங்க, காக்காவுக்கு சோறு வைக்கும்போது மட்டும்தான் நம்மளக் கூப்பிடுவாங்க, அதனால எனக்கே இதுல எது சரி எது தப்புன்னு தெரியல. செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நிஷிகசாய் அம்மா
ஜூலை 19

வாங்க சிஸ். மாமனாருக்காக வருத்தமா இருக்கு.

முதல்ல ஒண்ணு, அது விளையாட்டே இல்ல, பெரியவங்களும் அதைத்தான் செய்றாங்க. ஆகஸ்ட் பொறந்தா எங்க சூப்பர் மார்க்கெட்ல தனியா ஒரு மேஜையே போட்டு தாமரை இலை, பாய், ஓகாரா எல்லாம் விக்கிறான். ஓகாராங்கறது தோல் உரிச்ச சணல் தண்டு, வெள்ளையா லேசா இருக்கும், அதைத்தான் வாசல்ல மண்தட்டுல வச்சுக் கொளுத்தி வாங்கன்னு கூப்பிடுறது, குதிரைக்கும் மாட்டுக்கும் கால் வைக்கிறதும் அதுலதான். வெள்ளரிக்கா குதிரைல ஏறி சீக்கிரம் வந்துருவாங்களாம், திரும்பிப் போறப்ப கத்தரிக்கா மாட்டுல மெதுவா, படைச்சதெல்லாம் மூட்டை கட்டி ஏத்திக்கிட்டுப் போவாங்களாம். இந்த ஒரு வரிய சொன்னா போதும், அஞ்சு வயசுக்கு வேற தத்துவம் எதுவும் தேவையில்ல.

என் பொண்ணு ஹொய்குயென்ல (குழந்தைகள் காப்பகம்) செஞ்சுட்டு வந்தத வச்சு சொல்றேன். நேரா பளபளன்னு இருக்குற வெள்ளரிக்கா வாங்காதீங்க, வளைஞ்சதா பாருங்க, அந்த வளைவுதான் கழுத்து தூக்கின மாதிரி குதிரையா தெரியும். டூத்பிக் வச்சா கால் குச்சியாட்டம் ஒல்லியா சாஞ்சுடும், வாரிபாஷிய, அதான் ஒரு தடவ சாப்பிட்டுத் தூக்கிப் போடுற மரக்குச்சி, நாலா ஒடிச்சு, நீங்களே முதல்ல ஆணியால ஓட்டை போட்டுக் குடுத்துடுங்க, அவன் சொருகுனா மட்டும் போதும். முன்னங்கால் ரெண்டும் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு, பின்னங்கால் பின்னாடி சாய்ச்சு, இல்லன்னா படுத்துக்கும். வாலுக்கு சோளத்தோட நாரு. சோளம் உரிக்கிற வேலைய ரெண்டரை வயசுகிட்ட குடுத்துட்டீங்கன்னா வீடு பூரா நாரா இருக்கும் ஆனா ஒரு மணி நேரம் உங்களுக்கு அமைதி கேரண்டி.

வைக்கிறப்ப வரும்போது தலை வீட்டுப் பக்கம், போகும்போது தலை வாசல் பக்கம். திருப்பி வைக்கிற வேலைய பையனுக்கே குடுங்க.

ஹிரோஷிமாவாசி
ஜூலை 20

ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா, காய் வாங்குறதுக்கு முன்னாடி மாமியார் வீடு புத்த மதத்துல எந்தப் பிரிவுன்னு கேட்டீங்களா??

நான் கல்யாணம் ஆகி வந்த ரெண்டாவது வருஷம் உங்கள மாதிரியேதான் படத்தப் பாத்து ஆசை ஆசையா குதிரையும் மாடும் செஞ்சு புட்சுதான் முன்னாடி கொண்டு வச்சேன், மாமியார் ரொம்ப மரியாதையா "அடடே அழகா இருக்கே"ன்னாங்க, சாயங்காலம் பாத்தா அது ஷூ வைக்கிற அலமாரி மேல இருந்துது. அப்புறம்தான் நாத்தனார் சொன்னாங்க இந்த வீடு ஜோதோ ஷின்ஷூ, இதுல செத்தவங்க அப்பவே சுத்த லோகத்துல புத்தராயிடறாங்க, நெருப்பு காட்டி கூப்பிடவும் வேணாம், வண்டி வாகனமும் வேணாம்னு. ஹிரோஷிமா பக்கம் பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். மேற்கு ஜப்பான்ல குதிரை மாடு வழக்கமே கம்மி, அது அதிகமா உங்க கான்தோ, அதான் டோக்யோ சைதாமா பக்கத்துச் சமாச்சாரம்.

அதுக்காக எங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு நினைக்காதீங்க. இங்க பொன்தோரோன்னு ஒண்ணு உண்டு, நீளமான மூங்கில் குச்சி நுனில ஆறு பக்கமா புனல் மாதிரி விரிச்சு கலர் கலரா பேப்பர் ஒட்டி மூலைக்கு மூலை ஜிகினா தொங்கவிட்டிருக்கும், அதக் கொண்டுபோய் கல்லறைல குத்தி வைப்பாங்க. ஆகஸ்ட் முதல் பாதில கன்வீனியன்ஸ் ஸ்டோர் வாசல்லயே கட்டுக்கட்டா நிக்கும். கல்லறை மொத்தமும் திருவிழாக் கடை மாதிரி ஜொலிக்கும். அதுல நடுவுல வெள்ளையா ஒண்ணு நின்னா அந்த வீட்டுக்கு இது முதல் வருஷம்னு அர்த்தம். என் ரெண்டு புள்ளைங்களும் நாலு வயசுலேர்ந்து சின்ன சைஸ்ல அத வீட்லயே செய்றாங்க, பழைய பொன்தோரோ ஒண்ணப் பிரிச்சுப் பாத்துதான் மூங்கிலப் பிளந்து எப்படி விரிக்கிறாங்கன்னே கத்துக்கிட்டோம்.

அதனால முதல்ல மாமியார்கிட்ட கேளுங்க. வீட்டுக்காரர்கிட்ட இல்ல. அவருக்குத் தெரியாது, எந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது.

மயிலாப்பூர் கோபி
ஜூலை 20

நான் சென்னைலதான் இருக்கேன், ஜப்பானீஸ் படிச்சுட்டு மொழிபெயர்ப்பு வேலை பாக்குறவன், நடுவுல ரெண்டு வருஷம் அங்க இருந்தேன். கொஞ்சம் மாத்தி சொல்றேன் கோச்சுக்காதீங்க.

இந்த "கிராஃப்ட் மூலமா கலாசாரம்"ங்கறதுல எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. காய்க்குக் கால் வச்சு ஃபோட்டோ எடுத்து குடும்ப க்ரூப்ல போட்டதோட முடிஞ்சுடுது, அது எதுக்குன்னு குழந்தைக்கு ஞாபகமே இருக்காது. அதோட அஞ்சு வயசுப் பையன்கிட்ட தாத்தா வெள்ளரிக்கா மேல ஏறி வரார்னு சொன்னா அவன் நெஜமாவே வாசல்ல உக்காந்து காத்திருப்பான், வரலைன்னா என்ன சொல்வீங்க?

கதைய சொல்லுங்களேன். உலம்பன சூத்திரத்துல வர்றது, அதுதான் இந்தப் பண்டிகைக்கே மூலம், ஒபோன்ங்கற பேரே உலம்பனங்கறதுலேர்ந்து வந்ததுன்னுதான் பொதுவா சொல்றாங்க. புத்தரோட சீடர் மொக்கல்லானர் ஞானக்கண்ணால பாத்தா அவங்கம்மா பசிப்பேயா கிடக்குறாங்க, இவர் சோறு குடுத்தா வாய்கிட்ட போறதுக்குள்ள நெருப்பாயிடுது. புத்தர்கிட்ட போறார், மழைக்காலத் தவம் முடியுற ஏழாம் மாசம் பதினஞ்சாம் நாள் துறவிகளுக்கெல்லாம் அன்னமிடுன்னு சொல்றார், அம்மாவுக்கு விடுதலை கிடைக்குது. அந்த சந்தோஷத்துல இவர் ஆடினதுதான் போன் ஓதோரின்னு அங்க வழக்கமா சொல்லுவாங்க. பழைய கணக்குல ஏழாம் மாசம், அதனாலதான் டோக்யோல ஜூலை 13லேர்ந்து 16க்குள்ளயே முடிச்சுட்டாங்க, மத்த ஊர்கள்ல ஒரு மாசம் தள்ளி ஆகஸ்ட்.

கைவேலைதான் வேணும்னா ஒண்ணு சொல்றேன், ஹோசுகி வாங்குங்க. ஆரஞ்சு கலர்ல காகித விளக்கு மாதிரி தொங்குமே, வர்றவங்களுக்கு வழி காட்டுற விளக்குன்னு படையல்ல வைப்பாங்க. அது வேற யாரும் இல்ல, நம்ம சொடக்குத் தக்காளியோட ஒண்ணுவிட்ட அக்கா. நெத்தில அடிச்சு டப்புனு உடைப்போமே அதேதான், அங்க புள்ளைங்க பழத்துக்குள்ள இருக்குறத அலுங்காம எடுத்துட்டு தோல வாய்ல வச்சு பீப்பி ஊதுவாங்க. நாலு ஹோசுகிய ஒரு பாட்டில் தண்ணில முங்க விடுங்க, வெயில் காலத்துல பத்துப் பதினஞ்சு நாள், தண்ணி அப்பப்ப மாத்தணும், நாத்தம் குடலப் புடுங்கும், பால்கனிலயே வச்சுடுங்க. மேல் தோல் அழுகிக் கரைஞ்சதும் பழைய டூத்பிரஷால தடவுனா நரம்பு மட்டும் வலை மாதிரி நிக்கும், உள்ள செவப்பா பழம் தெரியும். காஞ்சதும் கூண்டுக்குள்ள விளக்கு எரியுற மாதிரி இருக்கும். இன்னிக்கே ஊறப் போட்டாதான் 13ம் தேதிக்கு ஆகும். சின்னக்குட்டி வாய்ல போட்டுக்காம பாத்துக்கோங்க, அலங்காரத்துக்கு விக்கிற அந்த வகை திங்கிறதுக்கு இல்ல.

நிஷிகசாய் அம்மா
ஜூலை 20

கோபி அண்ணா, சோறு நெருப்பாகுற கதைய படுக்கப் போற நேரத்துல சொல்லிட்டு ராத்திரி முழுக்க யார் முழிச்சிருக்கறது, நீங்களா 😄 ஹோசுகி ஐடியா சூப்பர். ஆனா காத்திருப்பான்னு சொன்னீங்களே, காத்திருக்கட்டுமே. வாசல்ல விளக்கோட நின்னு காத்திருக்கறதுதானே அந்தப் பண்டிகையே, பெரியவங்களும் அதத்தானே செய்றாங்க.

சைதாமா மருமக
ஜூலை 23

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஹிரோஷிமா அக்கா சொன்ன மாதிரி மாமியாருக்கே நேத்து ஃபோன் போட்டேன். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பிச்சேன். பிரிவு சோதோ ஷூ, ஜென். குதிரை மாடு உண்டாம். "உன் மாமனார்தான் வருஷா வருஷம் தோட்டத்துக் காய்ல செய்வார், இந்த வருஷம் யார் செய்யப்போறாங்கன்னு நினைச்சுட்டே இருந்தேன்"னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கல்யாணம் ஆகி ஏழு வருஷம் ஒபோனுக்குப் போயிருக்கேன், அந்தக் குதிரைய ஒரு தடவகூட கவனிச்சதில்ல பாருங்க, படம் பாத்துத் தெரிஞ்சுக்கறேன்.

இன்னொண்ணு. வெள்ளை விளக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்களாம், முதல் வருஷத்துக்கு மட்டும், புதுசா வர்றவருக்கு வீடு தெரியணுமேன்னு. அதுல பையன் ஏதாவது வரையட்டுமான்னு கேக்கலாமா? 13ம் தேதி கல்லறைக்குப் போய் அங்கேர்ந்து விளக்கு ஏத்தி நெருப்ப வீட்டுக்குக் கொண்டு வர்ற வழக்கமாம் அவங்க ஊர்ல.

ஹிரோஷிமாவாசி
ஜூலை 23

அதுல கை வைக்காதீங்கம்மா. அந்த விளக்கு வெள்ளையாவே இருக்கணும், ஒபோன் முடிஞ்சதும் எரிச்சுடறதுக்குன்னே வாங்கினது, இப்பல்லாம் கோயில்ல குடுத்துடறாங்க இல்ல ஓரமா லேசா பொசுக்கிட்டுப் போட்டுடறாங்க. பையனுக்குத் தனியா ஒண்ணு செஞ்சு குடுங்க.

நிஷிகசாய் அம்மா
ஜூலை 23

ஒரு லிட்டர் பால் பாக்ஸ் போதும். கழுவிக் காயவச்சு நாலு பக்கமும் ஜன்னல் வெட்டிட்டு உள்பக்கமா ஹான்ஷி ஒட்டுங்க, பிரஷ்ல எழுதப் பழகுற பேப்பர், 100 யென் கடைல கட்டா கிடைக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடியே அவன் வரையட்டும், கிரையான்ல. வாட்டர் கலர் குடுத்தா ஊறிக் கிழிஞ்சுடும், என் பொண்ணு அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. உள்ள பேட்டரி மெழுகுவத்தி. மேல கம்பி வச்சு ஒரு குச்சில மாட்டிக் குடுத்தா கையில தூக்கிட்டு நடக்க வசதி. ஆத்துல விடணும்னு கேட்டா மட்டும் உஷார், கண்ட இடத்துல விட முடியாது, விழா நடத்துறவங்களே விட்டதெல்லாம் கீழ ஆள் வச்சு அள்ளிடறாங்க.

சைதாமா மருமக
ஆகஸ்ட் 18

ஊர்லேர்ந்து நேத்து ராத்திரிதான் வந்தோம். எழுதியே ஆகணும்னு உக்காந்திருக்கேன், நீளமா போகும்.

12ம் தேதி சாயங்காலம் மாமியார் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாமனார் இல்லாட்டியும் வெள்ளரி போட்டிருக்காங்க, நாலே கொடி. பையனே தேடி ஒண்ணு புடுங்கினான், கொக்கி மாதிரி வளைஞ்சது, கடைல இருந்தா யாரும் தொடமாட்டாங்க. மாமியார் ஓகாராவ ஒடிச்சுக் குடுத்தாங்க, அது டூத்பிக் மாதிரி கூரா இல்ல, கைக்கு மெத்துனு இருந்துது. இவன் குதிரைக்கு ஆறு கால் வச்சான். நான் எடுக்கப் போனேன், மாமியார் "இருக்கட்டும், சீக்கிரம் வரும்"னுட்டாங்க. மாட்டுக்குக் கத்தரிக்கா, காம்புதான் கொம்பு. எல்லாம் செஞ்சு வச்சுட்டு நாங்க பேசிட்டு இருக்கோம், கடக்குன்னு சத்தம், பாத்தா ரெண்டரை வயசு குதிரையோட தலையக் கடிச்சுட்டு நிக்குது. நான் பதறிப்போய் சாரி சாரின்னு சொல்ல, மாமியார் மீதிய வாங்கி நறுக்கி மிசோ தொட்டு எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. அப்புறம் டார்ச் அடிச்சுட்டுப் போய் வேற ஒண்ணு பறிச்சு அதுக்கும் ஆறு கால்.

13ம் தேதி கல்லறை. கல்லு மேல தண்ணி ஊத்தித் துடைச்சான், அங்க அவனுக்கு இஷ்டமான வேலையே அதுதான், தாத்தா முதுகு தேய்க்கிறேன்னான். மெழுகுவத்தி நெருப்ப மாமியார் விளக்குல ஏத்துனதும் இவன் பால் பாக்ஸ் விளக்கையும் ஆன் பண்ணிட்டான். அதுல ஜீஜியோட கேய்தொரா வரைஞ்சிருக்கான், அந்த வெள்ளை மினி லாரி. வழி பூரா ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, பேட்டரின்னு தெரிஞ்சும் காத்து அடிச்சா மூடி மூடிப் புடிச்சுக்கிட்டே நடந்தான். கோபி அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே வாசல்ல உக்காந்து காத்திருந்தான். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உள்ள வந்து "வந்துட்டார், செருப்பு கழட்டுறார்"னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டான்.

ஐயர் வந்த அன்னிக்கு அரிசி, பொடியா நறுக்குன கத்தரி வெள்ளரி எல்லாம் தாமரை இலைல கலந்து தண்ணி தெளிச்சு வச்சாங்க, எனக்கு நம்மூர் பிண்டம், எள்ளும் தண்ணியும் ஞாபகம் வந்துருச்சு. தாமரைப்பூ ஷேப்ல ராகுகான் சர்க்கரை மிட்டாய் வச்சிருந்தாங்க, சூத்திரம் முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் அதையே முறைச்சுட்டு இருந்ததுல சத்தமே வரல.

பிரச்சினை 16ம் தேதி வந்துச்சு. அனுப்புற நெருப்பு கொளுத்துற நேரம், படையல்ல மாட்டைக் காணோம். எல்லாரும் தேடுறோம். இவன் மட்டும் தேடல. வீட்டுக்காரர் மிரட்டிப் பாத்தார், ஒண்ணும் நடக்கல. கடைசில சொல்றான், மாடு இல்லன்னா ஜீஜி போக முடியாதுல்லன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. மாமியார் அவன் பக்கத்துல உக்காந்து "சரி, அப்ப நடந்துதான் போவார், முட்டி வலிக்குமே"ன்னாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சான். எந்திரிச்சுப் போய் தாத்தாவோட ரப்பர் பூட்ஸுக்குள்ளேர்ந்து மாட்ட எடுத்துட்டு வந்தான், நாலு நாள் வெயில்ல சுருங்கி முகமெல்லாம் தோல் தொங்கிப் போயிருந்துது. அவனே தலைய வாசல் பக்கமா திருப்பி வச்சான்.

முன்னல்லாம் ஆத்துல விடுவாங்களாம். இப்ப வெள்ளைப் பேப்பர்ல உப்பு போட்டு சுத்தி தோட்டத்துல வெள்ளரிக் கொடிகிட்ட புதைச்சோம். ஹோசுகி கூண்டு மூணு நல்லா வந்துச்சு, ஒண்ணு கிழிஞ்சுபோச்சு, நாத்தத்துக்குப் பக்கத்து வீட்டம்மா ஜன்னல மூடிட்டாங்க.

இப்ப அடுத்த கேள்வி. அடுத்த வருஷம் குதிரை வேணாமாம், ஜீஜிக்குக் கேய்தொராதான் புடிக்கும் அதுதான் செய்யணும்னு ஒரே அடம். அப்படி செய்யலாமா?

நிஷிகசாய் அம்மா
ஆகஸ்ட் 18

பூட்ஸ்க்குள்ளயா 😭😭

தாராளமா செய்யலாம் சிஸ், இங்க எத்தனையோ பேர் கத்தரிக்காய்ல மோட்டார் பைக்கே செதுக்கி வைக்கிறாங்க, பைக் பைத்தியமா இருந்த அப்பாவுக்குன்னு.

மயிலாப்பூர் கோபி
ஆகஸ்ட் 18

நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். உலம்பன சூத்திரம் பத்து வயசுக்கு மேல பாத்துக்கலாம்.

ஹிரோஷிமாவாசி
ஆகஸ்ட் 19

சக்கரத்துக்கு வெள்ளரிக்கா வட்டம் நறுக்காதீங்கம்மா ரெண்டாம் நாளே நொளநொளத்துடும். கேரட் வைங்க, கொஞ்சம் தடிமனா. அச்சுக்கு ஓகாரா தாங்காது, வாரிபாஷி. அப்புறம் லாரி பின்னாடி திறந்த மாதிரி கத்தரிக்காய நோண்டி விடுங்க, போறப்ப மூட்டை ஏத்தணும்ல.

சைதாமா மருமக
ஆகஸ்ட் 19

அக்கா அவன்கிட்ட படிச்சுக் காட்டினேன். மூட்டைல ரெண்டு வெள்ளரிக்காயும் வைக்கணுமாம், தங்கச்சி கைக்கு எட்டாத இடத்துல.